வாசற்படியில் பாட்டரிக் கட்டைகள்

அறுபத்து நான்காம் வருஷம், ஆனி மாதத்து மழை சற்று விட்டிருந்த ஒரு முற்பகலில், நம்பிராஜன் தாராவியின் தோல் கிட்டங்கி மாடிக்குக் குடிவந்தான். தலையில் டிரங்குப் பெட்டி, கையில் ஸ்டவ். பின்னால் அவன் மனைவி பேராச்சி, நடை பழகாத மகள் கோமதியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மரப்படிகளில் ஏறினாள்.

கீழே முழுக்கக் கிட்டங்கி. உப்புப் போட்ட ஆட்டுத்தோல் அடுக்கடுக்காக விட்டம் வரை கிடந்தது. மாடியில் இரண்டே அறைகள். பம்பாய்க்காரர்கள் கோலி என்பார்கள். ஒன்றில் தோல் பதனிடும் பட்டறையில் வேலை செய்யும் மன்சூர் அலியும் அவர் மனைவி அக்தர் பானுவும் இருந்தார்கள். மேலப்பாளையத்துக்காரர்கள். மற்றது வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. இறங்க அந்த ஒரு மரப்படியைத் தவிர வேறு வழியில்லை.

சாவியோடு முன்னால் போனவர் பிரம்மநாயகம். கிட்டங்கிச் சேட்டுக்காகக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். கிட்டங்கியை ஒட்டிய கீழறையில் தனியாகக் குடியிருந்தார்.

"வாடகை ஏன் அண்ணாச்சி இம்புட்டுக் கொறச்சல்?" என்றாள் பேராச்சி.

"நாத்தத்துக்குத் தள்ளுபடி தாயி. ரெண்டு நாள்ல மூக்கு பழகிரும்."

கதவு திறந்தது. நாற்றம் அடித்தது. ஆனால் அது பச்சைத் தோலின் நாற்றம் அல்ல. தோல் கருகிய நாற்றம். பேராச்சி குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

நம்பிராஜன் அதைக் கவனிக்கவில்லை. அவன் கண் முகட்டில் இருந்தது. உத்தரத்தில் தீப்பெட்டி அளவு மரப்பெட்டி ஒன்று. அதிலிருந்து இரண்டு ஒயர்கள் கதவுக்கு மேலாக வெளியே போயின.

"அண்ணாச்சி! இது தீ மணியா?"

"ஆமா வே. சேட்டு வச்சது."

நம்பிராஜனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மாதுங்காவில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் வேலை பார்த்தான் அவன். எந்தச் சாமானையும் திறந்து பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. திறந்து பார்த்ததை யாருக்காவது விளக்காமலும் இருக்க முடியாது. டிரங்குப் பெட்டிமேல் ஏறி நின்று மூடியைக் கழற்றினான்.

"ஏட்டி, இங்க பாரு. ரெண்டு பித்தளைத் தகடு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டத் துடிச்சுக்கிட்டு நிக்கி. நடுவுல மெழுகு உருண்டை ஒட்ட விடாமப் பிடிச்சிருக்கு. தீப்பிடிச்சா மொதல்ல முகட்டுலதான் சூடு ஏறும். மெழுகு உருகும், தகடு ஒட்டும், கரண்டு ஓடும், மணி அடிக்கும். யார் தூங்கினாலும் அது தூங்காது பாத்துக்கோ."

"மொதல்ல எறங்குங்க. புள்ளைக்குத் தூளி கட்டணும்."

ஒயர்கள் போன வழியே அவனும் போனான். அதேபோன்ற மெழுகுப் பெட்டிகள் கிட்டங்கி முகட்டிலும் இருந்தன. மணிகள் இரண்டு: மாடிப்படித் தலைப்பில் ஒன்று, கீழே பிரம்மநாயகத்தின் கட்டிலுக்கு மேலே ஒன்று. மாடித் தலைப்பு மணிக்கு அடியில், சுவரோடு பதித்த ஒரு பெட்டி. அதற்குள் மூன்று பாட்டரிக் கட்டைகள். டார்ச்சுக்குப் போடுகிறவை அல்ல. டெலிபோனுக்குப் போடும் பெரிய கட்டைகள், ஒவ்வொன்றும் சாண் உயரம். தலையில் ஒயரைச் சுற்றி இறுக்க இரண்டு திருகாணிகள்.

மூன்றும் மூன்று தினுசாக இருந்தன. ஒன்றின் அட்டை வெளுத்திருந்தது. ஒன்று அடியில் உப்பிக் கசிந்திருந்தது.

"அண்ணாச்சி, இதெல்லாம் செத்த கட்டையாச்சே?"

"போன வாரந்தான் வெயில்ல காயவச்சுப் போட்டேன். வெயில்ல வச்சா உசுரு வந்துரும் வே. கவலப்படாதீரும்." பிரம்மநாயகம் பரிசோதனைப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார். *டிங்* என்றது மணி. "கேட்டீரா?"

நம்பிராஜன் பொத்தானை அழுத்தி, விரலை எடுக்காமல் வைத்திருந்தான். மணி முனகியது. இரண்டு மூச்சு விடுவதற்குள் ஊமையாகிவிட்டது.

அவன் பொறுமையாகச் சொன்னான். கட்டையின் மேலோடு துத்தநாகத் தகடு. அந்தத் தகடே கட்டையின் தீனி. அது கரையக் கரையத்தான் கரண்டு வரும். வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் களிம்பு கொஞ்சம் இளகி, கொஞ்ச நேரம் வேலை செய்யும். கரைந்த தகடு திரும்பி வருமா? பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுவது அதைவிட மோசம். குழாயடியிலிருந்து மூன்று பேர் வரிசையில் நின்று குடத்தைக் கை மாற்றும்போது நடுவில் நிற்பவன் சோர்ந்தால் மற்ற இருவர் பலமும் வீண்தானே. அதனால் மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே சமயத்தில் செய்தவை, அடி காய்ந்தவை, தலையில் மூடியாக ஊற்றிய கீல், அதாவது தார், வெடிக்காதவையாக இருக்க வேண்டும்.

பிரம்மநாயகம் கொட்டாவி விட்டார். "வேணும்னா நீரே வாங்கிப் போடும். பழசை எங்கிட்டக் குடுத்துரும். வீணாக்கக் கூடாது."

அன்று மாலை, அக்தர் பானு தயங்கித் தயங்கிப் பேராச்சியிடம் வந்தாள்.

"ஏளா, கட்டை மாத்தப் போறாராமே உன் வீட்டுக்காரர்? நல்லதாப் பாத்துப் போடச் சொல்லு. இந்தக் கோலியில ஆறுமுகத்தாய்னு ஒருத்தி இருந்தா. ராத்திரி ஷிப்டுல தோல் வெட்டுற வேலைக்குப் போவா, பகல்ல தூங்குவா. ஒத்தையாள். ஒரு மழைநாள் பகல்ல கீழ தீப்பிடிச்சுது. நாங்க அன்னைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். தெருவுல நின்னவங்க சொன்னாங்க, மணி ஒரே ஒரு தடவ 'டிங்'னுச்சாம். அவ்வளவுதான். கனவுன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்திருப்பா. புகையிலயே போயிட்டா."

"அவரு? கீழ இருக்காரே, அவரு?"

"அவரு டீ குடிக்கப் போயிருந்தாராம்." அக்தர் பானு குரலைத் தாழ்த்தினாள். "எப்படிப் பிடிச்சுதுன்னு இன்னிக்கி வரைக்கும் யாருக்கும் தெரியாது."

மறுநாள் நம்பிராஜன் மாதுங்காவில் கடைக்காரரைப் படாதபாடு படுத்தி மூன்று கட்டைகளைத் தேர்ந்தெடுத்து வந்தான். ஒவ்வொன்றோடும் ஒரு சின்ன டார்ச் பல்பைச் சேர்த்து எரியவிட்டான். நல்ல கட்டை வெள்ளையாக எரிந்து அப்படியே நிற்கும். கெட்டது முதலில் எரிந்து, பிறகு சிவந்து மங்கும். மூன்றும் வெள்ளையாக நின்றன. ஒயரைச் சுற்றி, திருகாணியை இறுக்கி, பெட்டிக்குச் சிறு பூட்டும் போட்டான். பொத்தானை அழுத்தினான். தெருமுனை வரை கேட்டது. பிரம்மநாயகம் கீழிருந்து திட்டினார்.

சில நாள் கழித்து, அந்தி மங்கும் நேரம்.

*டிங்.*

ஒரே ஒரு முறை. பேராச்சி கதவைத் திறந்தாள். வாசற்படியில் ஒரு பாட்டரிக் கட்டை நிமிர்ந்து நின்றது.

பெட்டி பூட்டியபடியே இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு கட்டைகள்தான். ஒயரைக் கழற்றிய பிறகு, வாசலில் நின்ற கட்டையின் திருகாணிகளை யாரோ சுத்தமாக மறுபடி இறுக்கியிருந்தார்கள்.

"மன்சூர் பாய்தான்," என்று கிசுகிசுத்தான் நம்பிராஜன். "புதுசா டிரான்சிஸ்டர் வாங்கியிருக்காருல்ல?"

"எடுத்தவரு நம்ம வாசல்லயே ஏன் வச்சிட்டுப் போறாரு? எனக்கென்னவோ கீழ இருக்கவரு மேலதான் சந்தேகம்."

கேட்டேவிட்டான். மன்சூர் அலி கோபப்படவில்லை. டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து முதுகைத் திறந்து காட்டினார். உள்ளே விரல் கனத்தில் குட்டிக் கட்டைகள்.

"தம்பி, உம்ம கட்டையை இதுல போடணும்னா டிரான்சிஸ்டரைக் கட்டைக்குள்ளதான் வைக்கணும்." சிரித்தவர், வாசலில் நின்ற கட்டையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். குனிந்து தொட்டுவிட்டுக் கையை உதறினார். "சுடுது."

நம்பிராஜன் அதைப் பல்பில் சேர்த்துப் பார்த்தான். வெள்ளை வந்தது, சிவந்தது, மங்கியது. அடி அட்டையைக் கிழித்தான். தகட்டில் ஊசி முனையளவு ஓட்டை, ஈரம் கசிந்துகொண்டிருந்தது. வாங்கும்போதே இருந்திருக்க வேண்டும். அவன் கண்ணுக்குத் தப்பியிருந்தது.

வேறு கட்டை வாங்கிப் போட்டான். அது தங்கியது. பிறகொரு நாள் இன்னொன்று வாசலுக்கு வந்தது. அதுவும் சோர்ந்த கட்டை. ஒருமுறை பெட்டி மூடியில் கோலமாவைத் தூவி வைத்தான். கட்டை வாசலுக்கு வந்தது. மாவில் ஒரு கோடுகூட விழவில்லை.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை தோன்றியது. இரண்டு நல்ல கட்டைகளோடு, தெரிந்தே ஒரு கெட்ட கட்டையைச் சேர்த்துப் பூட்டினான். மூன்றுக்கும் ஒரே நிற அட்டை. எது கெட்டது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் அந்தியில், *டிங்.*

"பாத்தியா ஏட்டி! சரியாக் கெட்டதை மட்டும் எடுத்திருக்கு! நான் பல்பு வச்சுப் பாக்கறதைவிடச் சுத்தமா..."

பேராச்சி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "யாரு எடுத்தான்னு கேட்டா, எதை எடுத்தான்னு சொல்லுதியளே. உங்களுக்குப் பயமே இல்லியா?"

அவனுக்குப் பயம் இல்லை. வியப்புதான் இருந்தது. கெட்ட கட்டையால் செத்த ஆறுமுகத்தாய் கெட்ட கட்டையை விட்டுவைக்க மாட்டாள். அதில் கெடுதல் என்ன? மெல்ல மெல்ல அவன் பல்பு வைத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டான். வாசலுக்கு வராத கட்டை நல்ல கட்டை.

பேராச்சி அப்படி விடவில்லை. ஒருமுறை தீப்பிடித்த வீட்டில் ஒரு காதை வெளியே வைத்தே தூங்கினாள்.

ஆடி பிறந்தது. மழை பிடித்தது. வெயில் என்பதே மறந்துபோயிற்று. ஒருநாள் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி லோக்கல் ரயில் நின்றுவிட, கடையையும் சீக்கிரம் அடைத்துவிட்டார்கள். நம்பிராஜன் மாதுங்காவிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்தான். மத்தியானந்தான். ஆனால் வானம் கரிச்சட்டியின் அடிப்புறம்போல் இருந்தது. கிட்டங்கி பூட்டியிருந்தது. தகரக் கூரையில் மழை அறைகிற சத்தத்தில் தன் காலடி தனக்கே கேட்கவில்லை.

படியேறினான்.

பேராச்சி வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். இடுப்பில் கோமதி. பக்கத்தில் அக்தர் பானு. இருவரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசற்படியில் கட்டைகள் நின்றன.

மூன்றும்.

"இப்பத்தான் டிங்னுச்சு. மழையில எப்படிக் காதுல விழுந்துச்சுன்னு தெரியல. வந்து பாத்தா இப்படி," என்றாள் பேராச்சி.

"எனக்கும் காதுக்குள்ளயே கேட்ட மாதிரி இருந்துச்சு," என்றாள் அக்தர் பானு.

"மூணுமே போயிருச்சு போல," என்று நம்பிராஜன் சட்டைப் பையிலிருந்து பல்பை எடுத்தான்.

முதல் கட்டை. வெள்ளை. காத்திருந்தான். சிவக்கவில்லை.

இரண்டாவது. வெள்ளை.

மூன்றாவதும்.

"எல்லாம் நல்ல கட்டை," என்றான்.

"நல்லதுன்னா ஏன் எடுத்துச்சு?"

ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால், அதை எடுத்துவிட்டால் என்ன நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டைகளை எடுத்தால் இரண்டு மணிகளும் ஊமை. மாடியில் இருப்பவர்களை அது வெளியே அழைத்துவிட்டது. அடிக்க வேண்டாம் என்று அது நினைக்கும் மணி இன்னொன்று.

கீழே பிரம்மநாயகத்தின் கட்டிலுக்கு மேலே இருப்பது.

அப்போது பலகை இடுக்கிலிருந்து வந்தது அந்த நாற்றம். கருகும் தோல்.

"புள்ளையத் தூக்கிட்டுக் கீழ ஓடுங்க. ரெண்டு பேரும். தெருவுக்கு!"

பின்னாலேயே இறங்கி, பிரம்மநாயகத்தின் கதவை உதைத்தான். உள்தாழ்ப்பாள். இடுக்கில் புகை நெளிந்தது. "அண்ணாச்சி!" என்று கத்தினான். மழை அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கியது. ஜன்னல் கம்பி வழியாக, பாயும் புகையினூடே, கட்டிலில் மல்லாந்து கிடந்த உருவம் தெரிந்தது. மூலையில் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது.

ஸ்டவ்வின் மேல் தோசைக்கல். தோசைக்கல்லின் மேல் பாட்டரிக் கட்டைகள்.

வெயில் இல்லாத மாதம். உசுரு வர வேறு சூடு வேண்டுமே.

மூடிய கட்டையைச் சூடுபடுத்தினால் உள்ளே ஈரம் ஆவியாகும், போக வழியில்லை, வெடிக்கும். தலையில் ஊற்றிய கீல் எரிந்துகொண்டே தெறிக்கும். ஒன்று ஏற்கெனவே தெறித்து, கிட்டங்கிப் பக்கத்துப் பலகைச் சுவரில் ஒட்டி எரிந்துகொண்டிருந்தது. போன தடவையும் மழைநாள்தான். போன தடவையும் இதே கல்தான் இருந்திருக்கும், அடுப்பில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அவருக்கு அது தெரியுமா, தெரியாதா? அதை அப்போது யோசிக்க நேரம் இல்லை.

நம்பிராஜன் மறுபடி மாடிக்கு ஓடினான்.

"விட்டுட்டு வாங்க!" தெருவிலிருந்து பேராச்சி அலறினாள். "அது வேண்டாங்குது! விட்டுட்டு வாங்க!"

பெட்டியின் பூட்டைத் திறந்து, மூன்று கட்டைகளையும் அள்ளி உள்ளே வைத்தான். முதல் ஒயரைச் சுற்றித் திருகாணியை இறுக்கினான். இரண்டாவதற்குப் போனான். முதலாவது தளர்ந்தது.

அவன் கண் முன்னாலேயே திருகாணி சுழன்றது. நிதானமாக. வேலை தெரிந்த விரல் கழற்றுவதுபோல.

மறுபடி இறுக்கினான். மறுபடி கழன்றது.

"தாயி," என்றான், பல் கிட்ட. "கெட்டவரா இருந்தாலும் ஒரு உசுரு, தாயி."

காதருகில் யாரோ இருமினார்கள். புகை குடித்தவர்களின் வறண்ட இருமல்.

ஒயர்களைத் திருகாணியில் சுற்றுவதை விட்டான். முனைகளைத் தன் விரல்களாலேயே கட்டைகளின் தலையில் அழுத்திப் பிடித்தான். கீழே கிட்டங்கியில் மெழுகு உருகியிருக்க வேண்டும். மணி வெடித்தாற்போல் அடித்தது. மேலேயும் கீழேயும். அவன் அழுத்திக்கொண்டே இருந்தான். சூடான ஏதோ ஒன்று அவன் விரல்களை ஒவ்வொன்றாக நெம்பியது. முதலில் சுண்டு விரல். பிறகு மோதிர விரல். கண்ணை மூடிக்கொண்டு மற்ற விரல்களால் அழுத்தினான்.

கீழே தாழ்ப்பாள் விழும் சத்தம். யாரோ தடுமாறித் தெருவில் விழும் சத்தம்.

விரல்களை நெம்பியது நின்றது. மணியும் நின்றது. கட்டைகள் பெட்டிக்குள்தான் இருந்தன, அவன் விரல்களும் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் மணி நின்றது.

அக்கம்பக்கத்தார் வந்து, சாக்கடை நீரையும் ஈர மணலையும் வாரி இறைத்துத் தீயை அடக்கினார்கள். பிரம்மநாயகத்துக்குத் தலைமுடியும் ஒரு புறங்கையும் பொசுங்கியதோடு சரி. பட்டறையிலிருந்து ஓடி வந்த மன்சூர் அலி அந்தத் தோசைக்கல்லைக் குச்சியால் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். பிரம்மநாயகம் தலை குனிந்தார். அந்த வாரமே ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்.

"நல்ல காரியந்தான் செஞ்சிய," என்றாள் பேராச்சி, அவன் விரல்களுக்கு எண்ணெய் தடவியபடி. சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் கொப்புளம். "ஆனா அவ கேட்டது வேற."

நம்பிராஜன் செம்பூரில் வேறு வீடு பார்த்தான். தரைவீடு, ஓட்டுக் கூரை, பக்கத்தில் கிட்டங்கியோ பட்டறையோ கிடையாது. வீட்டுக்குத் தானே ஒரு தீ மணி செய்து மாட்டினான். புதுப் பெட்டி, புது ஒயர், புது மெழுகு. கட்டைகளை அவனே தேர்ந்தெடுத்தான். மாதாமாதம் பல்பு வைத்துப் பார்த்தான். யாரையும் நம்பி விடவில்லை. சோர்ந்த கட்டையை அவனேதான் எடுத்தான். எதுவும் தானாக வாசலுக்கு வரவில்லை. மழைக்காலம் ஒன்று போயிற்று. கோமதி ஓடவும் பேசவும் கற்றுக்கொண்டாள்.

அடுத்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவன் மழைச் சத்தத்தில் அயர்ந்துவிட்டான். எதற்கு விழித்தான் என்று தெரியவில்லை. வீடு இருட்டிக் கிடந்தது. பக்கத்தில் பேராச்சியின் பாய் காலியாக இருந்தது. கோமதியும் இல்லை.

"ஏட்டி?"

வாசல் கதவு திறந்திருந்தது. தெருவுக்கு எதிர்ப்புறம், மூடிய ரேஷன் கடைத் தாழ்வாரத்தில், பேராச்சி குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்க ஏன் நிக்க?"

"டிங்னுச்சே!" மழைக்கு மேலாகக் கத்தினாள் அவள். "ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு. பொத்தானை நீங்கதான் அமுத்துனியன்னு நெனச்சு வெளிய வந்தோம். நீங்க அமுத்தலியா?"

அவனுக்கு எந்த மணியும் கேட்டிருக்கவில்லை. குனிந்து பார்த்தான்.

வாசற்படியில் மூன்று கட்டைகள் வரிசையாக நின்றன. திருகாணிகள் சுத்தமாக இறுக்கப்பட்டிருந்தன.

பல்பை எடுத்துச் சேர்த்துப் பார்த்தான். முதல் கட்டை வெள்ளையாக எரிந்தது. இரண்டாவதும். மூன்றாவதை அவன் வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தான், சிவந்துவிடாதா, கொஞ்சமாவது மங்கிவிடாதா என்று.

அது வெள்ளையாகவே நின்றது.

முதுகுக்குப் பின்னால், இருண்ட வீட்டுக்குள்ளிருந்து, கருகும் தோலின் நாற்றம் மெல்ல எழுந்து வந்தது.